புது ஜெனரேஷன் கிராபிக்ஸ் கார்டுல அப்படி இன்னா மாறிச்சு? கடைல அடிக்கடி கேக்கற கேள்விங்க

வேலூர் சத்துவாச்சாரில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் அசெம்ப்ளி, சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். வர்றவங்க காலேஜ் பசங்க, கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, பையனுக்கு பிசி வாங்கித்தர்ற அப்பாங்க, இவ்ளோதான். எல்லாரும் சுத்தி சுத்தி அதே கேள்விங்களதான் கேக்கறாங்க, டீ ஆறிப்போற வரைக்கும் பதில் சொல்லிக்கினு இருந்து சலிச்சுப்போய் இப்ப எழுதியே வெச்சிட்டேன். இதுல "புது ஜெனரேஷன்"னு நான் சொல்றது மூணு: என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ் (பிளாக்வெல், 2025 ஜனவரில அறிவிச்சாங்க), ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9000 சீரிஸ் (ஆர்டிஎன்ஏ 4, 2025 மார்ச்), இன்டெலோட ஆர்க் பி சீரிஸ் (பேட்டில்மேஜ், 2024 டிசம்பர்).

அண்ணா, புது ஜெனரேஷன்னா பழசவிட டபுள் ஸ்பீடா?

இல்லப்பா. முன்னல்லாம் ஒவ்வொரு ஜெனரேஷனுக்கும் சிப்பு செய்யற ப்ராசஸ் மாறும், டிரான்சிஸ்டர் சின்னதாகும், அதே இடத்துல நெறைய அடைக்கலாம், கரண்டும் கம்மியா இழுக்கும். என்விடியாவோட 30 சீரிஸ் சாம்சங்கோட 8 நானோமீட்டர்ல வந்துச்சு, 40 சீரிஸ் டிஎஸ்எம்சியோட 4என் ப்ராசஸுக்கு தாவுச்சு, அது பெரிய தாவல். ஆனா 50 சீரிஸும் அதே 4என்லயேதான் நிக்குது. நெலம் அதே அளவு, வீட்ட மட்டும் இடிச்சு வேற பிளான்ல கட்டியிருக்காங்க. அதனாலதான் 40 சீரிஸ் 4070ல 5888 கோர் (கணக்கு போடற குட்டி யூனிட்) இருந்தது 5070ல 6144தான் ஆச்சு, கரண்ட் மட்டும் 200 வாட்லேந்து 250 வாட்டுக்கு போயிடுச்சு. இந்த தடவை மாத்தம்லாம் மெமரி, ரே டிரேசிங் யூனிட் (வெளிச்சத்த கணக்கு போடறது), டென்சார் கோர் (ஏஐ கணக்கு போடறது), வீடியோ என்ஜின் இந்த பக்கமாதான் நடந்திருக்கு. உங்க வேலை அதுல எது மேல உக்காருதோ அத பொறுத்துதான் உங்களுக்கு லாபம், இது ஒண்ணு புரிஞ்சிட்டா கீழ இருக்கற பாதி கேள்விய நீங்களே தாண்டி போயிடலாம்.

5070 வாங்கினா 4090 மாதிரி ஓடும்னு மேடையிலயே சொன்னாங்களே?

சொன்னாங்க. லாஸ் வேகாஸ்ல சிஇஎஸ் 2025 மேடையில ஜென்சன் ஹுவாங்கே சொன்னாரு, 549 டாலருக்கு 4090 பெர்ஃபார்மன்ஸ்னு. அவரு போட்டிருந்த லெதர் ஜாக்கெட்தான் நம்ம ஊர்க்காரங்க கண்ணுல முதல்ல பட்டிருக்கும், தோலு ஷாப்புக்காரங்க ஆச்சே, ஆனா கவனிக்க வேண்டியது அவரே அடுத்து சொன்ன வார்த்தை, ஏஐ இல்லாம இது முடியாதுன்னு. கணக்க பாருங்க: 4090ல 16384 கோர், 24 ஜிபி, வினாடிக்கு 1008 ஜிபி மெமரி வேகம். 5070ல 6144 கோர், 12 ஜிபி, 672 ஜிபி. இது எப்படி சமமாகும்? 5070 ஒரு பிரேம (திரையில வர்ற ஒரு முழு படத்த) நெஜமா வரைஞ்சா மூணு பிரேம ஏஐ வெச்சு நடுவுல சொருகுது, 4090 ஒண்ணுதான் சொருகுது, அப்படி கூட்டிப்பாத்த நம்பர் அது. நீங்க பிளெண்டர்ல (3டி சாஃப்ட்வேர்) ரெண்டர் போட்டா, பைதான்ல மாடல் டிரெயின் பண்ணா, அங்க சொருகறதுக்கு ஒண்ணும் இல்ல, 4090 எங்கியோ முன்னாடி போயிடும். போன வருஷம் ஒரு பையன் செகண்ட்ஹேண்ட் 4090 நல்ல வெலைக்கு வந்தும் இந்த பேச்ச நம்பி விட்டுட்டான், இன்னிக்கும் என்னப் பாத்தா அதான் சொல்லுவான்.

சரி, கோருக்கு உள்ள ஒண்ணுமே மாறலியா?

மாறிருக்கு, ஆனா ஸ்பெக் ஷீட்ல கண்ணுக்கு தெரியாது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஒண்ண நெனச்சுக்கோங்க. ஒரு ஹால்ல 128 பேரு. அதுல 64 பேருக்கு தையல் மட்டும்தான் வரும், மீதி 64 பேருக்கு தையலும் வரும் கட்டிங்கும் வரும். தையல்னா தசமக் கணக்கு, கலரு, வெளிச்சம், பொசிஷன் இதெல்லாம். கட்டிங்னா முழு எண் கணக்கு, மெமரில எந்த இடத்துல எது இருக்குன்னு விலாசம் போடற வேலை. 30, 40 சீரிஸ் ரெண்டும் இப்படித்தான் இருந்துச்சு. கட்டிங் வேலை ஜாஸ்தி வந்துட்டா பாதி ஆளுங்களாலதான் அத செய்ய முடியும். பிளாக்வெல்ல அந்த 128 பேருக்கும் ரெண்டு வேலையும் கத்துக்குடுத்துட்டாங்க, ஒரே நேரத்துல ஏதாவது ஒண்ணுதான் செய்வாங்க, ஆனா யாரும் சும்மா நிக்க வேணாம். முழு எண் கணக்கு டபுள் ஆகுது. பழைய கேம்ல இதனால பெரிசா ஒண்ணும் தெரியாது, டேட்டா பேக் பண்ணி பேக் பண்ணி அனுப்பற புது மாதிரி ஷேடர்ல (கலரு, வெளிச்சம் கணக்கு போடற குட்டி புரோகிராம்), அப்பறம் ஷேடருக்குள்ளயே குட்டி நியூரல் நெட்வொர்க் ஓட்டறாங்களே, அந்த மாதிரி எடத்துலதான் தெரியும். ஷேடருக்குள்ளேந்தே டென்சார் கோர கூப்பிடற வசதிய டைரக்ட்எக்ஸ்லயே (விண்டோஸ்ல கேமு கார்டோட பேசற வழி) கொண்டுவர்றாங்க.

ஏஎம்டி ஆர்டிஎன்ஏ 4ல வேற ஒரு தந்திரம். முன்ன ஒவ்வொரு வேலையும் ஆரம்பிக்கும்போதே ரிஜிஸ்டர் (கணக்கு நடக்கறப்ப நம்பர வெச்சுக்கற எடம்) எவ்ளோ வேணும்னு மொத்தமா ரிசர்வ் பண்ணிக்கும், கல்யாண மண்டபத்துல துண்டு போட்டு சீட்டு புடிக்கற மாதிரி, கடைசில பாதி சீட்டு காலியாவே கெடக்கும். இப்ப தேவைப்படும்போது மட்டும் வாங்கிக்கினு, முடிஞ்சதும் விட்டுடலாம். அதனால ஒரே நேரத்துல இன்னும் கொஞ்சம் வேலைய உள்ள ஏத்த முடியுது.

ஜிடிடிஆர்7னு போட்டிருக்கே, அதுக்கு தனியா காசு குடுக்கலாமா?

ஜிடிடிஆர்7ங்கறது கார்டுல இருக்கற மெமரியோட வகை. இந்த ஜெனரேஷன்ல எனக்கு ரொம்ப புடிச்ச மாத்தமே இதுதான். மெமரி வேகத்த நீங்களே கணக்கு போடலாம்: பஸ் (சிப்புலேந்து மெமரிக்கு போற ரோடு) அகலத்த 8ஆல வகுத்து, ஒரு பின்னோட கிகாபிட் வேகத்தால பெருக்கணும். 4060க்கு 128 பிட், 128 வகுத்தல் 8 பதினாறு, அத 17ஆல பெருக்கினா 272 ஜிபி. 5060க்கும் அதே 128 பிட்தான், ஆனா ஜிடிடிஆர்7 28ல ஓடுது, 16 பெருக்கல் 28, 448 ஜிபி. ரோட அகலப்படுத்தாமலே கால்வாசி இல்ல பாதி இல்ல, அறுபது சதவீதத்துக்கு மேல ஏத்திட்டாங்க. பழைய 3060க்கு 192 பிட் இருந்தே 360தான்.

எப்படின்னா, ஜிடிடிஆர்6ல ஒரு கம்பில வோல்டேஜ் ரெண்டு நிலைதான், இருக்கு இல்ல, அவ்ளோதான். ஜிடிடிஆர்7ல மூணு நிலை. டார்ச்ச அணைச்சு போட்டு சிக்னல் குடுக்கறதுக்கும், அணைஞ்சது, டிம்மு, பிரைட்டுன்னு மூணு விதமா குடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டு தடவை காட்டினா 3 பெருக்கல் 3, ஒம்பது விதம் வருது, அதுல எட்டு வெச்சாலே மூணு பிட்டு அனுப்பிடலாம். பழைய முறைல ரெண்டு தடவைக்கு ரெண்டு பிட்டுதான். முந்தின ஜிடிடிஆர்6எக்ஸ்ல நாலு நிலை வெச்சு பாத்தாங்க, நிலைங்களுக்கு நடுவுல கேப் கம்மியாச்சு, சிக்னல சுத்தமா வெச்சுக்கறது கஷ்டமாச்சு. மூணுதான் தோதா இருக்கு.

ஒரு விஷயம் உஷார். 5050 டெஸ்க்டாப் கார்டுல ஜிடிடிஆர்7 கெடையாது, ஜிடிடிஆர்6தான், 320 ஜிபி. ஏஎம்டி 9070 எக்ஸ்டிலயும் ஜிடிடிஆர்6தான், ஆனா அவங்க 256 பிட் பஸ்ஸும் சிப்புக்குள்ளயே 64 எம்பி இன்ஃபினிட்டி கேஷும் வெச்சு ஈடு கட்டிட்டாங்க. கேஷுன்னா கடைக்குள்ளயே அடிக்கடி விக்கற சாமான வெச்சுக்கறது, ஒவ்வொரு தடவையும் குடோனுக்கு ஓடாம. என்விடியாவும் 40 சீரிஸ்லயே இத புடிச்சிட்டாங்க, 3060ல எல்2 கேஷ் 3 எம்பிதான், 4060ல 24 எம்பி.

8 ஜிபி போதுமா தம்பி? பையன் 5060 கேக்கறான்.

(இது ஒரு அப்பா கேட்டது.) 1080பில, செட்டிங்க கொஞ்சம் கொறச்சு ஆடினா போதும் சார். ஆனா வேகமும் எடமும் வேற வேற. தண்ணி பைப்பு எவ்ளோ பெரிசா போட்டாலும் டேங்க் சின்னதுன்னா சின்னதுதான். 8 ஜிபி நெறஞ்சா மீதிய கம்ப்யூட்டரோட ரேமுக்கு தள்ளும், அங்கேந்து பிசிஐஈ (கார்டு மதர்போர்டுல சொருகற ஸ்லாட்டு) வழியா கொண்டுவரணும், கேமு திக்கித் திக்கி ஓடும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. 5060க்கு, 5060 டிஐக்கு பிசிஐஈ 8 லேன்தான் (டேட்டா போற பாதை) குடுத்திருக்காங்க. புது போர்டுல 5.0 ஸ்பீடுல ஓடினா 8 லேன்லயே வினாடிக்கு 32 ஜிபி கிட்ட போகும், பிரச்சினையே இல்ல. ஆனா நம்ம பசங்க வீட்ல இருக்கறது பிசிஐஈ 3.0 போர்டு, அதுல அதே 8 லேன் வெறும் 8 ஜிபி கிட்டதான் குடுக்கும். அதாவது பழைய போர்டு வெச்சிருக்கறவன்தான் கம்மி விலை கார்டு வாங்குவான், அவனுக்குதான் அடியும் விழுது. 3.0 போர்டா இருந்தா 16 ஜிபி வெச்ச கார்டா பாருங்க, இல்ல ஏஎம்டி 9060 எக்ஸ்டி பாருங்க, அது 16 லேன்.

ரே டிரேசிங் இன்னா பண்ணுது, எதுக்கு அவ்ளோ ஹெவியா இருக்கு?

திரையில இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்சக் கோடு விட்டு, அது போய் எதுல இடிக்குதுன்னு கண்டுபுடிக்கணும். சீன்ல கோடிக்கணக்குல முக்கோணம் இருக்கும், ஒவ்வொண்ணா கேட்டுகினு இருந்தா விடிஞ்சிடும். அதனால பெட்டிக்குள்ள பெட்டி வெச்சு அடுக்குவாங்க. போஸ்ட்மேன் லெட்டர எப்படி குடுக்கறாரு? வேலூர் மாவட்டமா, இல்லியா? ஆமான்னா காட்பாடி தாலுகாவா, எந்த ஊரு, எந்த தெரு, கடைசில கதவு நம்பர். மாவட்டமே இல்லன்னா அந்த மூட்டைய தொடவே வேணாம். இந்த பெட்டில இடிக்குதான்னு பாக்கறதும், கடைசில முக்கோணத்துல இடிக்குதான்னு பாக்கறதும்தான் ஆர்டி கோரோட வேலை. 2018ல டூரிங் கார்டுல முதல்ல வந்துச்சு. முக்கோணம் பாக்கற வேகத்த அதுக்கப்பறம் ஒவ்வொரு ஜெனரேஷனுக்கும் டபுள் டபுளா ஏத்திக்கினே வந்திருக்காங்க, பிளாக்வெல்ல இருக்கறது நாலாவது ஜெனரேஷன்.

பசங்க திட்டிக்கினே இருந்த ஏஎம்டி இதுல இந்த தடவை நல்லா முன்னேறிட்டான். ஆர்டிஎன்ஏ 4ல ஒவ்வொரு கம்ப்யூட் யூனிட்லயும் இடிக்குதான்னு பாக்கற யூனிட்ட டபுள் பண்ணிட்டான். அதோட பெட்டிய சாய்ச்சு வைக்கவும் முடியும். இது சின்ன விஷயமா தோணும். ஒரு மூங்கில் கழிய சாய்வா வெச்சு அத நேரா நிக்கற பெட்டில போட்டுப் பாருங்க, பெட்டில முக்காவாசி காலியாவே இருக்கும், கோடு அந்த காலி எடத்துல இடிச்சா கூட உள்ள போய் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு திரும்பி வரணும். பெட்டியையே கழிக்கு தோதா சாய்ச்சிட்டா அந்த வெட்டி வேலை மிச்சம்.

அப்பறம் இலை. வேப்பமரம் ஒண்ணு வரையணும்னா இலை இலையா முக்கோணத்துல செதுக்க மாட்டாங்க, ஒரு சதுரத்துல இலை படத்த ஒட்டி, சுத்தி இருக்கற எடத்த கண்ணாடி மாதிரி விட்டுடுவாங்க. கோடு வந்து இடிச்சா, இது இலையா ஓட்டையான்னு ஷேடர கூப்பிட்டு கேக்கணும், மரத்துக்கு ஆயிரம் தடவை. 40 சீரிஸ்லேந்து அந்த சதுரத்துலயே எந்த பக்கம் இலை, எந்த பக்கம் ஓட்டைன்னு ஒரு குட்டி மேப்பு வெச்சிருக்காங்க, ஆர்டி கோரே பாத்து முடிச்சுக்கும்.

இன்னொண்ணு வரிசைப்படுத்தறது. ஜிபியூல 32 திரெட்டு சேர்ந்து ஒரு கூட்டமா, ஒரே அடியா நடக்கும். கோடுங்க செதறிப்போய் ஒண்ணு கண்ணாடில, ஒண்ணு தண்ணில, ஒண்ணு செங்கல் சொவத்துல இடிச்சா ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ஷேடரு, ஒருத்தனுக்கு வேலை நடக்கும்போது மத்த 31 பேரும் கைய கட்டிக்கினு நிப்பாங்க. பெரிய ஆஸ்பத்திரில காலைல ஓபிக்கு வர்ற கூட்டத்த கண்ணு, எலும்பு, வயிறுன்னு சீட்டு போட்டு பிரிச்சு விடறாங்கல்ல, அந்த மாதிரி கண்ணாடிய இடிச்சதெல்லாம் ஒண்ணா, தண்ணிய இடிச்சதெல்லாம் ஒண்ணான்னு மாத்தி அடுக்கிட்டா எல்லாரும் ஒரே வேலை செய்வாங்க. இதுவும் 40ல ஆரம்பிச்சது, 50ல அந்த அடுக்கற வேலை ரெண்டு மடங்கு சுறுசுறுப்பா நடக்குதுன்னு என்விடியா சொல்லுது. ஆனா கேமுல அதுக்குன்னு எழுதியிருக்கணும்.

பிரேம் ஜெனரேஷன் ஃபேக்கா? எஃப்பிஎஸ் 120ன்னு காட்டுது, ஆனா ஆடறப்ப ஒரு மாதிரி இருக்கு.

அந்த "ஒரு மாதிரி"தான் பதில். நெஜமா கார்டு வினாடிக்கு வரையறது 30 பிரேம்னு (எஃப்பிஎஸ்ங்கறது அதான்) வெச்சுக்கோங்க, பிரேமுக்கு பிரேம் 33 மில்லிசெகண்டு. மல்டி பிரேம் ஜெனரேஷன் 4எக்ஸ் போட்டா நடுவுல மூணு சொருகி 120 காட்டும், கண்ணுக்கு வழுவழுன்னு இருக்கும். ஆனா நீங்க மௌஸ நகத்தினா அது கேமுக்கு தெரியறது அந்த நெஜ பிரேம்லதான். இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் லேட்டாதான், ஏன்னா ரெண்டு பிரேமுக்கு நடுவுல ஒண்ண வரையணும்னா ரெண்டாவது பிரேமும் கைல இருக்கணும், அதனால அத ரெடியானதும் காட்டாம புடிச்சு வெச்சுக்கும். ரிஃப்ளெக்ஸுன்னு ஒண்ண போட்டு அந்த லேட்ட கொஞ்சம் சரிகட்டறாங்க.

அதனால நான் சொல்றது இது: நெஜமாவே 60 வருதா, 144 இல்ல 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கா, கதை ஓடற மாதிரி கேமா, தாராளமா போடுங்க, நல்லாருக்கும். 25தான் வருது, அத 100 ஆக்கலாம்னா வேணாம், சேத்துல நடக்கற மாதிரி இருக்கும். போட்டி ஷூட்டர் கேம்னா ஆஃப் பண்ணிடுங்க.

ஆர்கிடெக்சர் பக்கம் பாத்தா இதுல உண்மையாவே வேலை நடந்திருக்கு. 40 சீரிஸ்ல எந்த புள்ளி எங்க நகருதுன்னு பாக்க ஆப்டிகல் ஃப்ளோன்னு தனி ஹார்டுவேர் வெச்சிருந்தாங்க, இப்ப அந்த வேலைய ஏஐ மாடலே செய்யுது. சொருகின பிரேம் சரியா எந்த நேரத்துல திரைக்கு போகணும்ங்கறத முன்ன சிபியூ பாத்துக்கினு இருந்துச்சு, அது தடுமாறினா காட்சி வெட்டி வெட்டி தெரியும், இப்ப அந்த டைமிங்க கார்டோட டிஸ்பிளே பகுதியே பாத்துக்குது.

பழைய கார்டுக்கு இதெல்லாம் கெடைக்காதா?

சிலது கெடைக்கும். என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் 4ல படத்த ஏஐ வெச்சு பெரிசாக்கற புது டிரான்ஸ்ஃபார்மர் மாடல் 20 சீரிஸ்லேந்து எல்லா ஆர்டிஎக்ஸ்க்கும் வருது. பிரேம் ஜெனரேஷன் 40, 50க்கு. மல்டி பிரேம் 50க்கு மட்டும். அதே வேலைய செய்யற ஏஎம்டியோட எஃப்எஸ்ஆர் 4ஐ 9000 சீரிஸ்க்குன்னுதான் கொண்டுவந்தாங்க, ஆனா அவங்களோட முந்தின எஃப்எஸ்ஆர் 3 யார் கார்டுலயும் ஓடும். ஜிடிஎக்ஸ் 1650 வெச்சிருக்கறவங்க அதுல போய் பாருங்க, அதுல டென்சார் கோரும் இல்ல ஆர்டி கோரும் இல்ல.

அண்ணா, ப்ராஜெக்ட்டுக்கு ஏஐ மாடல் ஓட்டணும், எஃப்பி4 இருந்தாதான் ஓடுமா?

எஃப்பி4ன்னா ஒரு எண்ண 4 பிட்டுலயே எழுதற முறை. ஓட்டறதுக்கு மொதல்ல எடம் வேணும்மா, வேகம் அப்பால. 800 கோடி பாராமீட்டர் மாடல் 16 பிட்ல வெச்சா 16 ஜிபி, 4 பிட்டுக்கு சுருக்கினா 4, 5 ஜிபிக்குள்ள அடங்கிடும். இப்படி சுருக்கி வெச்சு ஓட்டறது பழைய கார்டுலயும் முடியும், ஆனா அங்க கணக்கு போடறப்ப திரும்ப 16 பிட்டுக்கு விரிச்சுதான் போடும். பிளாக்வெல் டென்சார் கோரு 4 பிட்லயே நேரா பெருக்கும், அதான் வித்தியாசம். 4 பிட்டுன்னா மொத்தம் 16 எண்ணுதான் இருக்கு, மளிகைக்கடைல கிராம் படிக்கல் இல்லாம கால் கிலோ, அரை கிலோ மட்டும் வெச்சு நிறுத்தற மாதிரி. அதனால சின்ன சின்ன கூட்டத்துக்கும் தனி தனி அளவு வெச்சு சரி பண்ணிக்கறாங்க. 40 சீரிஸ்லயும் ஆர்டிஎன்ஏ 4லயும் எஃப்பி8 வரைக்கும் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. 50 சீரிஸ் கார்ட போட்டுட்டு சீனியர் குடுத்த பழைய பைடார்ச்ச (ஏஐ மாடல் ஓட்டற பைதான் சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணா கெர்னல் இமேஜ் இல்லன்னு எர்ரர் அடிக்கும். கார்டு ரிப்பேர்னு ரெண்டு பேரு கடைக்கு தூக்கிக்கினு வந்தாங்க. கூடா (என்விடியா கார்டுல கணக்கு ஓட்டற சாஃப்ட்வேர்) 12.8 இல்ல அதுக்கு மேல இருக்கற பில்டு போடணும், பைடார்ச் 2.7லேந்து சரியா வருது.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எது?

கேமு ஆடறவங்கள விட உங்களுக்குதான் இந்த ஜெனரேஷன் லாபம். இப்ப வர்ற மிரர்லெஸ் கேமரா நெறைய 4:2:2 10 பிட்ல ரெக்கார்டு பண்ணுது. கலர் நல்லா நிக்கும், பட்டுப்புடவை ஜரிகை, மஞ்சள் வெளிச்சம்லாம் கிரேடிங்ல ஒடையாது. ஆனா அந்த ஃபைல பழைய என்விடியா கார்டு ஹார்டுவேர்ல பிரிக்காது, எல்லா பாரமும் சிபியூ தலைல விழும், டைம்லைன் நகரவே நகராது. 50 சீரிஸ்ல எச்264, எச்265 ரெண்டுலயும் 4:2:2 பிரிக்கவும் எழுதவும் ஹார்டுவேர் குடுத்துட்டாங்க. அணைக்கட்டு ரோட்ல ஸ்டுடியோ வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் முகூர்த்த சீசன் நடுவுல மாத்தினாரு, ப்ராக்ஸி (எடிட்டுக்குன்னு போடற சின்ன சைஸ் காப்பி) போடறதையே விட்டுட்டாரு.

உங்க கிட்ட இன்டெல் பிராசசர், உள்ளயே கிராபிக்ஸ் இருக்கறது 12ஆவது ஜெனரேஷனுக்கு மேலன்னா, எச்265 4:2:2வ அதுவே பிரிச்சிடும். மொதல்ல அத ஆன் பண்ணி பாருங்க, காசு மிச்சமாகலாம்.

இன்டெல் கார்ட நம்பலாமா?

பி580, 12 ஜிபி, 249 டாலர் வெலைக்கு வந்துச்சு. முந்தின ஆல்கெமிஸ்ட்ல இருந்த பல சறுக்கல ஆர்கிடெக்சர்லயே சரி பண்ணிட்டாங்க. அதுல ஒரு அடிக்கு 8 கணக்குன்னு சின்ன சின்னதா வெட்டி வெச்சிருந்தாங்க, கேமுங்க எழுதறதெல்லாம் அதவிட அகலமா, இப்ப 16 ஆக்கிட்டாங்க. புது போர்டு, புது பிராசசர்னா நல்ல கார்டு. ஆனா பழைய ஐ5 நாலாவது ஜெனரேஷன்ல போடறேன்னு வராதீங்க, ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டோட மெமரி முழுசையும் ஒரே அடியா தொடற வசதி) இல்லன்னா தவழும், சிபியூ பழசுன்னாலும் அடி வாங்கும்.

பிளாக்வெல்ன்னா இன்னா பேரு அது?

டேவிட் பிளாக்வெல், அமெரிக்க கணித, புள்ளியியல் மேதை. என்விடியா இப்படி டூரிங், ஆம்பியர், ஏடா லவ்லேஸ்னு பெரியவங்க பேரதான் வெச்சுக்கினு வருது. எம்எஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கற பொண்ணு ஒருத்தி லேப்டாப் சர்வீஸுக்கு வந்தப்ப சொல்லித்தான் எனக்கு தெரியும், அவங்க பாடத்துல ராவ்-பிளாக்வெல் தேற்றம்னு இருக்காம், அந்த பிளாக்வெல் இவரு, அந்த ராவ் நம்ம சி.ஆர். ராவ். கார்டு பெட்டிய பாக்கும்போதெல்லாம் இப்ப அதான் ஞாபகம் வருது.

வேலூர் வெயில்ல இந்த கார்டுங்க தாங்குமா?

நியாயமான கேள்வி. ரிவ்யூ பண்றவங்க ஏசி ரூம்ல 22, 25 டிகிரில வெச்சு 70 டிகிரி வருதுன்னு காட்டுவாங்க. நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல மத்தியானம் 40 இருக்கும். அந்த 15 டிகிரி அப்படியே மேல ஏறும், ஃபேன் கத்தும், கார்டு தானா வேகத்த கொறச்சுக்கும். ப்ராசஸ் மாறாம வேகத்த ஏத்தினதுக்கு வெல இதுதான், 5060க்கு 145 வாட், 4060க்கு 115தான் இருந்துச்சு, 5090 575 வாட் இழுக்குது, அது ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ்.

போன மே மாசம் குடியாத்தத்துலேந்து ஒரு பையன் வந்தான், பத்து நிமிஷம் கேம் ஆடினா அணைஞ்சிடுதுண்ணான்னான். கழட்டிப் பாத்தா ஃபேனுக்கு அடில ஹீட்சிங்க் தகடே தெரியல. வீட்ல தறி ஓடுது, லுங்கி நூலோட பஞ்சு பறந்து வந்து தகடு இடுக்குல அடைஞ்சு, தூசியோட சேந்து ஒரு மெத்தை மாதிரி படிஞ்சிருக்கு. பெயின்ட் பிரஷ்ஷ விட்டு நெம்பினா துண்டு துண்டா வரல, ஒரே பாயா உரிஞ்சு வந்துச்சு, அதுல நீலக்கலர் நூலு கூட தெரிஞ்சது. சிப்பு மேல தடவற தெர்மல் பேஸ்ட்டு காஞ்ச சுண்ணாம்பு மாதிரி. சுத்தம் பண்ணி புது பேஸ்ட் போட்டு பவர் லிமிட்ட 80 சதவீதத்துல வெச்சு குடுத்தேன், எஃப்பிஎஸ் கொறைஞ்சதே அவனுக்கு தெரியல. தறி, மில்லு, மெயின் ரோட்டு ஓரம் இருக்கறவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாக்கறது நல்லது.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம், 5060க்கு 550 வாட், 5070க்கு 650 வாட்னு கம்பெனியே சொல்லுது. வீட்ல இருக்கற 600 விஏ யூபிஎஸ் 360 வாட் கிட்டதான் தாங்கும், கேம் ஓடும்போது கரண்ட் போனா அதுவும் சேந்து போகும். பெரிய கார்டுல வர்ற 16 பின் கனெக்டர கடைசி வரைக்கும் அழுத்தி, இடுக்கு தெரியுதான்னு செல்போன் லைட் அடிச்சு பாருங்க. புது மாடல் கனெக்டர்ல சென்ஸ் பின்ன குட்டையாக்கிட்டாங்க, சரியா உக்காரலன்னா கரண்டே விடாது, ஆனா கேபிள் பழசா இருக்கலாம்.

லேப்டாப்ல 5070ன்னா அதே 5070தானா?

இல்ல. டெஸ்க்டாப்ல 6144 கோர், 12 ஜிபி. லேப்டாப்ல 4608 கோர், 8 ஜிபி. பேரு மட்டும் ஒண்ணு. அதுலயும் வாட் எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க, மெலிசு லேப்டாப்ல அதே சிப்ப பாதி மூச்சுலதான் ஓட விடுவாங்க.

டாலர் வெலைய பெருக்கிப் பாத்தா இங்க ஏன் இவ்ளோ ஜாஸ்தி?

அந்த டாலர் வெலைல வரியே இல்ல. இங்க 18 சதவீதம் ஜிஎஸ்டி, இம்போர்ட் பண்றவன் பங்கு, டீலர் பங்கு எல்லாம் சேரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கினா கொஞ்சம் கொறையும், ஆனா வாரன்டிக்கு திரும்ப காட்பாடிலேந்து ரயிலேறணும், பில்லு இல்லாம மட்டும் வாங்காதீங்க.

நீங்க இன்னா கார்டுண்ணா வெச்சிருக்கீங்க?

3060, 12 ஜிபி. எல்லாரும் சிரிக்கறாங்க. கடைல நான் பண்றது ரிப்பேரும் பில்லும், ராத்திரி கொஞ்சம் மாடல் ஓட்டிப் பாக்கறதும்தான், அதுக்கு அந்த 12 ஜிபி எடம் போதுது, போர்டும் பழசு. 5060க்கு மாறினா மெமரி வேகம் வரும், எடம் போயிடும். 16 ஜிபி 5060 டிஐ ஒண்ணு கஸ்டமருக்கு வந்தது, டெஸ்ட்டுக்குன்னு ரெண்டு நாள் என் மிஷின்ல போட்டு ஓட்டினேன், திருப்பி கழட்டறப்ப மனசு வரல. வர்ற தீபாவளிக்கு பாக்கலாம்னு இருக்கேன்.